நீர்ரேகை

“உங்க நுரையீரல் ஐந்தருவிக்குப் போயிட்டு வந்திருக்கு சார். நீங்க போகலையா?”

எதிரே உட்கார்ந்திருந்த வருவாய்த்துறை ஊழியர் தலையைக் குனிந்துகொண்டார். சங்கரன்கோவிலில் நில அளவை வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனவர். பக்கத்தில் அவர் மனைவி.

“சாரல் நல்லா இருந்துச்சா?” என்று கேட்டாள் மனைவி. குரலில் சாரல் இல்லை.

சங்கரவடிவு அறிக்கையை மடித்துக் கொடுத்தாள். “நோய் ஒண்ணும் இல்ல. தடம் மட்டும்தான். இருமல் ரெண்டு நாள்ல போயிரும்.”

“இருமல் போயிரும்,” என்றாள் மனைவி. “எந்திரிங்க. வீட்டுக்குப் போய்ப் பேசுவோம்.”

பாளையங்கோட்டை வட்டார நுரையீரல் ஆய்வகத்தில் இது அன்றாடக் காட்சி. காரணம், மேசைமேல் இருந்த பெட்டி. தையல் மெஷின் அளவுதான் இருக்கும். பெயர் நீர்ரேகைமானி.

காசநோய்க் கிருமிக்குப் பங்காளிகள் ஏறக்குறைய இருநூறு பேர் உண்டு. மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்பவை. பெரும்பாலும் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாதவை. ஆனால் நுரையீரலில் போய் உட்கார்ந்துவிட்டால் காசநோயைப் போலவே இருமவைக்கும், இளைக்கவைக்கும். சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் எல்லாம் ஒரே சிவப்புக் குச்சி. அண்ணன் யார், பங்காளி யார் என்று தெரியாது. வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும். சில அரிய வகைகள் வளரவே மறுக்கும். அதற்குள் நோயாளி தப்பான மாத்திரையில் பாதியைத் தின்று முடித்திருப்பார்.

நீர்ரேகைமானி சளியிலிருந்து நேராக மரபணுவைப் படித்தது. ஒரு காபி குடித்துவிட்டு வருவதற்குள் கிருமியின் பெயரைச் சொன்னது. அதோடு நின்றிருந்தால் அது வெறும் நல்ல கருவி. அது கிருமியின் வீட்டையும் சொன்னது.

ஒவ்வொரு தொட்டியிலும் குழாயிலும் இந்தப் பங்காளிகள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள். ஒரு தொட்டியின் குடும்பம் அடுத்த தொட்டியின் குடும்பத்தைப் போல் இருப்பதில்லை. கைரேகை மாதிரி. அரசு மாநிலம் முழுவதும் ஆள் அனுப்பி, தொட்டி, குழாய், குளம், அருவி ஒன்று விடாமல் பஞ்சால் துடைத்து எடுத்துப் பதிந்துவைத்தது. அதன்பிறகு யார் இருமினாலும், எந்தத் தண்ணீரின் துளியை மூச்சில் இழுத்தார் என்பது தெரிந்துபோயிற்று.

அதில் வைத்தியத்துக்குப் பெரிய லாபம். பலருக்கு மூலம் தெரிந்தாலே போதும். அந்தத் தண்ணீரை விட்டு விலகினால் நுரையீரல் தானாக ஆறிவிடும்.

மற்றவர்களுக்கும் லாபம் இருந்தது. விடுதிக் காப்பாளர்கள் திங்கட்கிழமை தோறும் மாணவர்களை இருமச் சொன்னார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளையிடம் சம்பளச் சான்றோடு நீர்ரேகைச் சான்றும் கேட்டார்கள். வாடகைக்கு வீடு என்ற விளம்பரத்தில் குளியலறையின் ரேகை எண்ணைப் போட்டார்கள். வெளியூர் வேலை என்று சொல்லிவிட்டு அருவிக்குப் போகிறவர்கள் சளி பிடித்தால் ஆஸ்பத்திரிக்கு வராமல் கஷாயம் குடித்தார்கள்.

ஆய்வகச் சுவரில் துறை ஒட்டிய சுவரொட்டி ஒன்று இருந்தது. ‘தண்ணீர் சாட்சி சொல்லும்.’ சங்கரவடிவு அதைத் தினமும் துடைப்பாள்.

அவள் வீட்டில் ஷவர் கிடையாது. அதாவது, இருந்தது. வீட்டைக் கட்டியவர் வைத்துவிட்டுப் போனது. தொடக்கூடாது என்பது சட்டம். வாளி, குவளை. அவ்வளவுதான்.

“ஷவர்னா என்ன தெரியுமா? கிருமியைப் பொடிப்பொடியாக்கி மூஞ்சியில அடிக்குற மெஷின்.” குடிவந்த முதல் வாரம் கணவனிடம் சொன்னாள்.

ஆவுடையப்பன் தலையாட்டினான். அவன் வீட்டிலிருந்தபடியே கப்பல் கம்பெனி ஒன்றுக்கு வரைபடம் போடுகிறவன். தலையாட்டுவதில் அவனுக்குச் சிரமம் இருந்ததில்லை.

அவள் காலையில் போனால் மாலையில்தான் வருவாள். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மட்டும் மதுரையில் மீட்டிங். அன்றைக்கு வர இருட்டிவிடும். மீட்டிங் எப்படி என்று கேட்பான். போர் என்பாள். ஆனால் முகம் கழுவிவிட்டதுபோல் இருக்கும்.

*

சவரிமுத்து ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். முப்பத்தெட்டு வயது. ஒல்லி. நாலு மாதமாக இருமல், எடை இறக்கம். மாதா கோயில் ஒன்றில் பாடகர் குழுவை நடத்துகிறவர். உள்ளே வந்தவர் சங்கரவடிவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“உள்ள வாங்க. மூச்சு வாங்குதா?”

“இல்ல மதினி.” உடனே திருத்தினார். “இல்ல மேடம்.”

அவள் கவனிக்கவில்லை. ஊரில் பாதிப் பேர் யாரையாவது மதினி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

உதவியாளர் ஷிபானா சளிக் குப்பியை நீட்டினாள். “ஆழமா இருமுங்க அண்ணே. எச்சில் வேண்டாம். சளி வேணும்.”

“எந்தச் சுருதியில?”

“என்னது?”

“சும்மா கேட்டேன் தங்கச்சி.”

இருமினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

“இருமலே இப்படின்னா பாட்டு எப்படி இருக்கும்,” என்றாள் ஷிபானா.

குப்பி கருவிக்குள் போனது. காபி குடித்துவிட்டு வந்தார்கள். திரையில் மஞ்சள் எழுத்து. ‘ஆய்வகக் கலப்பு. மாதிரி ஏற்கப்படவில்லை. மீண்டும் இருமவும்.’

இது எப்போதாவது வரும். ஆய்வகத்தில் வேலை செய்கிறவர்களின் வீட்டுத் தண்ணீர் அவர்கள் கையிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வரும். அது மாதிரியில் கலந்தால் நோயாளிக்கு இல்லாத கிருமி இருப்பதாகத் தெரியும். கருவி வந்த புதிதில் ஓர் ஊரில் அப்படி ஆனது. உதவியாளர் கை கழுவிய குழாயின் கிருமி ஒரு தெருவுக்கே வியாதியாகிவிட்டது. தெருவே மாத்திரை தின்றது. ஒருவருக்கும் வியாதி இல்லை.

அதனால் ஒரு விதி வந்தது. ஊழியர்களின் வீட்டுக் குழாய்களைக் கருவிக்குக் காட்டிவைத்துவிட வேண்டும். அந்த ரேகையைக் கண்டால் கருவி மாதிரியைத் தள்ளிவிடும். பெயர் சொல்லாது, ஊர் சொல்லாது. தன்வீட்டு விலக்கு என்று பெயர். துறைக்கு எழுதி, வாதாடி, அதைக் கொண்டுவந்தவள் சங்கரவடிவு. தன் வீட்டின் எல்லாக் குழாய் வாயையும் அவளே பஞ்சால் துடைத்துக் கொடுத்தாள். ஷவரையும்தான்.

“ஷிபானா, கை கழுவுனியா?”

“நீங்க சொன்ன சோப்புல, நீங்க சொன்ன தண்ணியில, நீங்க சொன்ன நேரம் வரைக்கும் கழுவுனேன் மேடம்.”

“அப்புறம் எப்படி?”

“நீங்க கழுவுனீங்களா மேடம்?”

சங்கரவடிவு அவளைப் பார்த்தாள். பிறகு போய்க் கை கழுவிவிட்டு வந்தாள்.

இரண்டாவது குப்பியை வெளியே வாகை மரத்தடியில் வைத்து எடுத்தார்கள். யாரும் பக்கத்தில் போகவில்லை. சவரிமுத்து தனியாக நின்று இருமினார். மரத்திலிருந்த மைனாக்கள் பறந்தன. மஞ்சள் எழுத்து.

மூன்றாவது குப்பியை முத்திரை வைத்து வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். மறுநாள் அவரே கொண்டுவந்து கருவிக்குள் வைத்தார். மஞ்சள் எழுத்து.

“அண்ணே,” என்றாள் ஷிபானா, “நீங்க எங்களுக்குத் தெரியாம இங்க வேலை பாக்கீங்களா?”

சவரிமுத்து சிரித்தார். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

நோய் இருப்பதில் சந்தேகம் இல்லை. ஸ்கேனில் இரண்டு பக்கமும் வெள்ளைத் திட்டுகள். மைக்ராஸ்கோப்பில் சிவப்புக் குச்சிகள். சங்கரவடிவு பழைய முறையில் மரபணுத் துண்டுகளைப் பிரித்துப் படித்தாள். வியாழன் மதியம் பெயர் கிடைத்தது. காசநோய் இல்லை. பங்காளி. பங்காளிகளிலும் யாரும் கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிடாத தூரத்துப் பங்காளி. அவள் படித்த காலத்தில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. பழைய முறை பெயரை மட்டும்தான் சொல்லும். வீட்டைச் சொல்லாது.

அரிய கிருமி, மூலம் தெரியவில்லை என்றால் மேல்மாடி வார்டில் மருந்தை முடிவுசெய்யும் மருந்தாணைப் பொறிக்கு ஒரே பதில்தான் தெரியும். ஒன்றரை வருஷம் மாத்திரை. முதல் சில மாதம் ஊசி. சனிக்கிழமை காலைக்கு அங்கே படுக்கையும் ஒதுக்கிவிட்டது.

அவரைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“ஊசிதான? போட்டுக்கிடலாம்.”

“அந்த ஊசி சில பேருக்குக் காதை எடுத்துரும்.”

“எந்தக் காதை?”

“ரெண்டையும்.”

சவரிமுத்து முதல் தடவையாகச் சிரிக்கவில்லை. அவருடைய குழுவில் நாற்பது பேர் பாடுவார்கள். மூன்றாவது வரிசையில் ஒருத்தி இம்மி சுருதி இறங்கினால், திரும்பிப் பார்க்காமலே பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

“மூலம் தெரிஞ்சா ஊசி வேண்டாமா?”

“அநேகமா வேண்டாம். அந்தத் தண்ணிகிட்ட போகாம இருந்தா போதும். அதான் கேக்கேன். எங்க குளிக்கீங்க?”

“வீட்டுல.”

“உங்க வீட்டைத் துடைச்சுப் பாத்தாச்சு. அங்க இல்ல. வேற?”

“ஆத்துல. எப்பவாவது.”

“ஆத்துலயும் இல்ல. வேற எங்க?”

அவர் சுவரொட்டியைப் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார். “வேற எங்கயும் குளிக்கலை மேடம். சத்தியமா குளிக்கலை.”

அது உண்மை. அவர் அங்கே குளிக்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் ஆவுடையப்பன் இரண்டாவது தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். வாய்க்குப் போகவில்லை.

“வடிவு, ஒரு சந்தேகம். ஒருத்தன் மூலத்தை மறைக்கான்னு வை. அவனுக்குப் பதிலா வேற ஒருத்தன் வந்து சொன்னா ஏத்துக்குவாங்களா?”

“ஏத்துக்குவாங்க. ஏன்?”

“சொன்னவனுக்கு என்ன தண்டனை?”

“தண்டனையா? நாங்க என்ன போலீஸா? அவங்க வீட்டுல இருக்கவங்க பாத்துக்குவாங்க.”

ஆவுடையப்பன் தோசையை இன்னும் சின்னதாகப் பிய்த்தான்.

“தொண்டை சரியில்லையா? ஆனா உங்க குரல் இப்பல்லாம் நல்லா தெளிஞ்சிருக்கு,” என்றாள் அவள். “போன்ல பேசும்போது கணீர்னு கேக்கு.”

அவனுக்குப் புரையேறியது. தலையில் தட்டிவிட்டு அவள் சட்னி எடுக்கப் போனாள்.

*

சனிக்கிழமை காலை சங்கரவடிவு கருவியின் முன் உட்கார்ந்து மூன்று குப்பிகளின் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கலப்பு என்றால் ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும். இது மூன்று தடவையும் ஒரே அளவு. மூன்று இடம், மூன்று பேர் கை.

“ஷிபானா, நாம தப்பாப் படிச்சிருக்கோம். இது ‘கெட்ட மாதிரி’ன்னு சொல்லலை. ‘இது உங்காளு’ன்னு சொல்லுது.”

“புரியலை மேடம்.”

“இவர் உடம்புல இருக்குற கிருமி நம்ம ஊழியர் யார் வீட்டுலயோ இருந்து வந்திருக்கு. நம்ம வீட்டைப் பாக்காதன்னு நாமதான் சொல்லி வச்சிருக்கோம். அது பாக்காம இருக்கு. விலக்கை எடுத்துருவோம்.”

“எடுத்தா நாமளும் இருமணுமே.”

அதுவும் விதிதான். விலக்கை எடுத்தால், அறையில் இருக்கும் ஊழியர் எல்லோரும் தனித்தனிக் குப்பியில் இரும வேண்டும். அப்போதுதான் எது நோயாளியுடையது, எது ஊழியருடையது என்று கருவி பிரிக்க முடியும். எல்லாக் குப்பியும் உள்ளே போகாமல் ஒரு முடிவும் வெளியே வராது. அந்த விதியையும் எழுதியது சங்கரவடிவுதான். யாரும் எடுக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதியது.

ஷிபானா உடனே இருமிக் குப்பியை மூடினாள். “என்னுது ரெடி. வீடு, ஹாஸ்டல், நீச்சல் குளம். எங்க வாப்பாவுக்கு மட்டும் நீச்சல் குளத்தைச் சொல்லிராதீங்க.”

சங்கரவடிவு குப்பியைக் கையில் எடுத்தாள். கீழே வைத்தாள்.

“மதுரையில ஒரு வார்த்தை கேட்டுட்டு…”

“இன்னைக்கு சனிக்கிழமை மேடம். மதுரையில யாரு இருப்பா?”

அது அவளுக்கும் தெரியும். எந்தக் கிழமையும் மதுரையில் யாரும் இருக்கமாட்டார்கள் என்பது அவளுக்கு ரொம்ப நாளாகவே தெரியும்.

கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். சவரிமுத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மேலே போவதற்கான சீட்டு சட்டைப்பையில். கண்ணை மூடியிருந்தார். தலைக்கு மேல் ஒரு பழைய மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு கிறீச். அவர் விரல் தொடையில் அந்தத் தாளத்தைப் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு சுற்றில் கிறீச் கொஞ்சம் பிந்தியது. அவர் கண்ணைத் திறந்து, தாமதமாக வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் விசிறியைப் பார்த்தார்.

சங்கரவடிவு குப்பியை எடுத்து இருமினாள்.

காபி குடிக்க இருவரும் போகவில்லை. கருவி முனகியது. நோயாளியின் முடிவு முதலில் வந்தது. ஷிபானா சத்தமாகப் படித்தாள்.

“மூலம் உறுதி. திருநெல்வேலி.” சந்தோஷத்தில் கை தட்டினாள். “தியாகராஜ நகர்.” குரல் கொஞ்சம் இறங்கியது. “பதினோராவது தெரு.” இன்னும் இறங்கியது. “மாடி. குளியலறை. ஷவர்.” கடைசி வார்த்தை கேட்கவே இல்லை.

“மேடம், இது உங்க…”

“தெரியும்.”

“நான் வெளிய போகவா?”

“நில்லு.”

சங்கரவடிவு எழுந்து கதவைத் திறந்தாள். “சவரிமுத்து.”

அவர் எழுந்து நின்றார். அவள் முகத்தைப் பார்த்தார். “சொல்லுங்க மதினி,” என்றார். இந்தத் தடவை திருத்தவில்லை.

அதே நேரம் மாடிப்படியில் ஆவுடையப்பன் ஓடிவந்தான். ஒரு கையில் ஸ்பானர். இன்னொரு கையில் சொட்டும் பிளாஸ்டிக் பை. நேராக உள்ளே வந்து பையை மேசைமேல் வைத்தான். உள்ளே கழற்றிய ஷவர் தலை.

“அவன்மேல தப்பில்ல வடிவு. எல்லாம் நான்தான்.”

“சார், மேசைமேல வைக்காதீங்க!” ஷிபானா பாய்ந்து வந்து கீழே ஒரு தட்டைக் கொடுத்தாள்.

ஷவர் சொட்டியது.

“எத்தனை பேரு?” என்றாள் சங்கரவடிவு.

“மூணு. நானு, இவன், அப்புறம் ஆட்டோ ஓட்டுற பேச்சிமுத்து.”

“எப்ப?”

“மத்தியானம். நீ இல்லாதப்ப.”

“என் பாத்ரூம்ல மூணு ஆம்பளைங்க என்ன செய்வீங்க?”

“பாடுவோம்.”

அவள் அவனையே பார்த்தாள்.

“எதிரொலி வடிவு! உனக்குத் தெரியாது. அந்த நாலு சுவருக்குள்ள காக்கா கத்துனாலும் கச்சேரியா இருக்கும். இவன் ஒரு நாள் நடைப்பயிற்சியில சொன்னான், நல்ல எதிரொலி உள்ள இடம் கிடைச்சா சொத்தை எழுதிக் கொடுப்பேன்னு. நான் எங்க வீட்டுக்கு வாலேன்னேன்.”

“சரி. ஷவர் எதுக்கு?”

“ஆவி. வெந்நியைத் திறந்துவிட்டா தொண்டை தெளியும்.”

“யாரு யாரு எங்க நிப்பீங்க?” கேள்வி இப்போது மனைவியுடையதாக இல்லை. ஆய்வகத்தினுடையதாக இருந்தது. குரல்தான் இன்னும் மனைவியுடையது.

“பேச்சிமுத்து வாளியைக் கவுத்துப்போட்டு அதுமேல உக்காருவான். நான் கதவோரம், தாளம். இவனுக்கு மேல் ஸ்தாயி. அதனால ஷவருக்கு நேர் கீழ.”

“குடை பிடிச்சுக்கிட்டு,” என்றார் சவரிமுத்து.

“குடையா?”

“நனைஞ்ச சட்டையோட வீட்டுக்குப் போனா எங்கன்னு கேப்பா மதினி. அதான் சொன்னேன், குளிக்கலைன்னு.”

ஷிபானா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

சங்கரவடிவு ஷவர் தலையைக் கையுறையோடு தூக்கிப் பார்த்தாள். உள்ளே வழவழவென்று ஒரு படலம். வருஷக்கணக்கில் யாரும் திறக்காத குழாயில் நின்ற தண்ணீர். கிருமிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. அதற்குள் மூன்று பேர் புகுந்து, கதவை மூடி, ஆவியைத் திறந்து, அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்திருக்கிறார்கள். இவருக்குத்தான் நேர் கீழே இடம்.

வாரம் ஒரு முறை வெந்நீரைத் திறந்துவிடுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் அவள். தன் வீட்டில் திறக்கவே கூடாது என்று சட்டம் போட்டாள். ஒரு சட்டம் கிருமியை வளர்த்தது. இன்னொரு சட்டம் அதை மறைத்தது. இரண்டும் அவள் போட்டது.

“அங்க இனிமே போகக்கூடாது,” என்றாள் சவரிமுத்துவிடம். “மூணு மாசத்துக்குப் பாட்டும் கிடையாது. அப்புறம் ஸ்கேன் எடுப்போம். ஊசி வேண்டாம்.”

“காது?”

“உங்க காது உங்களுக்குத்தான்.”

அவர் பெஞ்சுக்குப் போய், அந்த மின்விசிறிக்குக் கீழேயே மறுபடி உட்கார்ந்துகொண்டார். மேல்மாடியில் எடுத்துவைத்த ஊசியைத் திரும்ப உள்ளே வைத்தார்கள்.

ஆவுடையப்பன் ஸ்பானரைக் கையில் உருட்டினான். “வீட்டுக்கு வந்து திட்டுவியா? இல்ல இங்கயே முடிச்சிருவியா?”

“நாலு மாசம்! வாய் கூசாம பொய். தெனமும் எம்முன்னால உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு…”

கருவி மறுபடி முனகியது. மற்ற இரண்டு சீட்டும் வெளியே வந்தன. ஷிபானா முதலாவதைப் பார்த்து மடித்துப் பையில் வைத்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். குப்புற வைத்தாள். சங்கரவடிவின் கை அதற்கு நீள்வதற்குள் ஆவுடையப்பன் எடுத்துவிட்டான்.

நிதானமாகப் படித்தான். ஒருமுறை. இன்னொரு முறை.

“உன் நுரையீரல் பழைய குற்றாலத்துக்குப் போயிட்டு வந்திருக்கு வடிவு,” என்றான். “நீ மதுரைக்குப் போகலையா?”

சங்கரவடிவு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“‘பெண்கள் பகுதி’ன்னு போட்டிருக்கு. ‘பலமுறை’ன்னு போட்டிருக்கு. கடைசியா போன மாசம். வியாழக்கிழமை மாதிரிதான் தெரியுது.”

“மாதிரி பழசா இருந்தா கிழமை சொல்லாது,” என்றாள் அவள், பழக்கத்தில்.

“கிழமையை நான் சொல்லுதேன்.”

“அருவி ஓடுற தண்ணி. ஷவர் நிக்குற தண்ணி. ரெண்டும் ஒண்ணு கிடையாது.”

“நான் விஞ்ஞானம் கேக்கலை. கூட்டம் இருந்துச்சா?”

“வியாழக்கிழமை இருக்காது,” என்றாள்.

“தலையில விழுந்துச்சா, தோள்லயா?”

“தலையில.” ஷவர் தலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஒண்ணும் கேக்காது. ஆபீஸ் கேக்காது, வீடு கேக்காது. ஷவரையே தொடக்கூடாதுன்னு சொல்லிட்டு, எப்படி உங்ககிட்ட அருவிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேக்குறது?”

“கேட்டிருக்கலாம்.”

“நீங்களும் கேட்டிருக்கலாம். பாத்ரூம்ல பாடிக்கிடுதேன்னு.”

“கேட்டா விட்டிருப்பியா?”

“மாட்டேன்.”

“பின்ன?”

வெளியே பெஞ்சில் சவரிமுத்துவின் விரல் நின்றிருந்தது. கேட்காததுபோல் இருக்க முயன்றுகொண்டிருந்தார். அந்தக் காதுக்கு அது முடிகிற காரியமில்லை.

*

மூன்று மாதத்தில் திட்டுகள் கரைந்தன. சவரிமுத்து குழுவுக்குத் திரும்பிய முதல் ஞாயிறு, மூன்றாவது வரிசையில் ஒருத்தியைத் திரும்பிப் பார்க்காமலே பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தியாகராஜ நகர் குளியலறையில் புது ஷவர் வந்தது. வாரம் ஒரு முறை வெந்நீர் விட்டுக் கழுவுவது ஆவுடையப்பனின் வேலை. பாட்டு ஹாலுக்கு மாறியது. எதிரொலி போதவில்லை என்று மூன்று பேரும் குறைசொன்னார்கள். சங்கரவடிவு சில நாள் சீக்கிரம் வந்து, கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, பிறகு மணி அடித்தாள்.

அவள் துறைக்கு எழுதினாள். தன்வீட்டு விலக்கு நோயாளிகளை மறைக்கிறது, உடனே நீக்க வேண்டும் என்று. சவரிமுத்துவின் அறிக்கையை இணைத்தாள். தன்னுடைய சீட்டையும் இணைத்தாள். துறை அசந்துபோய், எல்லா மாவட்டத்திலும் விலக்கை நீக்கியது. விதிப்படி எல்லா ஆய்வகத்திலும் எல்லா ஊழியரும் இருமினார்கள்.

முன்பு தள்ளிவிடப்பட்ட மாதிரிகளில் உண்மையான நோயாளிகள் பலர் இருந்தார்கள். அவர்களைத் தேடிப்பிடித்து வைத்தியம் தொடங்கினார்கள். அது நல்ல செய்தி.

இன்னொரு செய்தியும் இருந்தது. தேனி ஆய்வகத்தின் நுரையீரலில் சுருளி அருவி. திண்டுக்கல்லின் நுரையீரலில் கொடைக்கானல். விருதுநகரின் நுரையீரலில் கோவளத்து விடுதி ஒன்றின் நீச்சல் குளம். எல்லோரும் வீட்டில் சொல்லிவிட்டுப் போனது ஒரே காரணம்தான். மதுரை மீட்டிங்.

அதனால் அடுத்த மாதம், வரலாற்றில் முதல் முறையாக, மதுரையில் மீட்டிங் நடந்தது. எல்லா மாவட்டமும் வந்தது. ஒரே தீர்மானம். தன்வீட்டு விலக்கை மீண்டும் கொண்டுவருவது. மாதிரிகளின் தூய்மை கருதி என்று பேசியவர்கள் பேசினார்கள். கை தூக்கச் சொன்னார்கள். அறை முழுக்கக் கைகள். ஒருமனதாக நிறைவேறியது. இப்போதும் எங்காவது ஓர் ஊரில், யாரோ ஓர் ஊழியரின் வீட்டுத் தண்ணீரில் நோய்ப்பட்டவரிடம் கருவி மறுபடி இருமச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பாளையங்கோட்டையில் மட்டும் சொல்வதில்லை. அங்கே ஷிபானா கருவியிலிருந்த விலக்குப் பொத்தானைக் கழற்றி ஜன்னல் வழியாக எறிந்துவிட்டாள்.

கை தூக்காத நாற்காலி ஒன்றுதான் இருந்தது. காலியாக இருந்தது. சங்கரவடிவு எதிர்ப்பை முன்பே எழுதி அனுப்பிவிட்டாள். கூடவே ஒரு நாள் விடுப்புக் கடிதமும். அதில் காரணம் என்ற இடத்தில் உடல்நலம் என்றோ உறவினர் திருமணம் என்றோ இல்லை. ‘பழைய குற்றாலம். கணவருடனும் அவர் நண்பர்களுடனும்’ என்று இருந்தது.

துறை இயக்குநர் அதைக் கூட்டத்தின் நடுவிலேயே அனுமதித்தார். கையெழுத்துக்குக் கீழே பென்சிலால் ஒரு வரி சேர்த்திருந்தார்.

‘ஆண்கள் பகுதியில் தண்ணீர் எப்படி என்று தெரிவிக்கவும்.’